வாட்ச் கடையில் தவணை பற்றிப் பேசும் முன்

எங்கள் வீட்டில் இரண்டு சுவிஸ் வாட்ச் இருக்கின்றன. என்னுடையதை முழுப் பணமும் ஒரே தடவையில் கட்டி வாங்கினேன். மனைவியுடையதை ஆறு மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில், அதாவது வட்டியில்லாத் தவணை என்று சொல்லி விற்கிறார்களே அதில், எடுத்தோம். இரண்டுமே உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்ததுதான். அலுவலகத்தில் யாராவது வாட்ச் வாங்கக் கிளம்பினால், "வட்டியே இல்லையாமே, தவணையில எடுத்துடலாமா?" என்று என்னிடம்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இவ்வளவு காசு கொடுத்து வாட்ச் வாங்கலாமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதில் நான் ஜெயிக்கவே முடியாது. என் மாமனார் கையில் இருப்பது ஓசூர் டைட்டன், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் ரகம். மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி முன்பின் போனால் அதிகம். நான் வாங்கிய லாஞ்ஜின்ஸ் ஸ்பிரிட்டுக்கு சி.ஓ.எஸ்.சி. என்ற சுவிஸ் அமைப்பின் குரோனோமீட்டர் சான்று, அதாவது துல்லியமாக ஓடுகிறது என்ற சான்று, உண்டு. அந்தச் சான்றுக்கான அளவே ஒரு நாளைக்கு நான்கு வினாடி பின்னாலிருந்து ஆறு வினாடி முன்னால் வரை. அதாவது, சான்றிதழோடு வந்த என் வாட்ச்சைவிட அவருடையது சரியான நேரம் காட்டும். இது அவருக்கும் தெரியும். "மாப்ளே, இந்தக் காசுக்கு நகை எடுத்திருந்தா ஆத்திர அவசரத்துக்கு அடகாவது வைக்கலாம். இதை எங்க வைப்பீங்க?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, வாங்குவது என்று முடிவாகிவிட்டது, பணத்தை எப்படிக் கட்டுவது என்பதுதான் கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வட்டியில்லாத் தவணை என்றால் வங்கி நமக்குச் சும்மா கடன் கொடுக்கிறது என்று அர்த்தமில்லை. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. வட்டியைப் பிராசசிங் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்கக் கூடாது என்பதும் அதே சுற்றறிக்கையில் வருகிறது. ஆகவே இன்று நடப்பது இதுதான். வங்கி தன் வழக்கமான வட்டியைப் போடுகிறது. கார்டைப் பொறுத்து அது 13, 15, 16 சதவீதம் என்று இருக்கும். அந்த வட்டி மொத்தமும் எவ்வளவு வருமோ, அந்தத் தொகையை வாட்ச் கம்பெனியோ கடையோ முதலிலேயே விலையில் கழித்துவிடுகிறது. கழித்த விலைக்குத்தான் வங்கி கடன் கொடுக்கிறது. வட்டியைச் சேர்த்துத் தவணை கட்டி முடிக்கும்போது தொகை பழைய விலைக்கே வந்து நிற்கும். நம் கண்ணுக்கு வட்டி தெரியாது.

என் வாட்ச்சின் விலைச் சீட்டில் போட்டிருந்தது 2,40,000 ரூபாய். பன்னிரண்டு மாதத் தவணை என்றால் மாதம் 20,000. வகுத்தால் கச்சிதமாக வருகிறது, ஒரு ரூபாய் கூட அதிகமில்லை. ஆனால் ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில், மாதம் 20,000 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டித் தீரும் கடன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,20,433 ரூபாய்தான் வரும். மீதி 19,567 ரூபாய் வட்டி. அதாவது இந்தத் தவணைக்காகக் கடைத் தரப்பில் யாரோ ஒருவர் பத்தொன்பதாயிரத்துச் சொச்சத்தை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். வாட்ச்சின் விலையில் அது எட்டு சதவீதம்.

அப்படியானால் அந்த எட்டு சதவீதத்தை வங்கிக்குக் கொடுக்காமல் எனக்கே கொடுங்கள் என்று கேட்கலாம் அல்லவா? நான் கேட்டது அதைத்தான். வட்டி உண்டா இல்லையா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. தவணை வேண்டாம் என்று சொன்னால் விலை எவ்வளவு குறைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைகிறது என்றால் நோ காஸ்ட் என்பது வெறும் பெயர். அசையவே இல்லை என்றால் அது உண்மையிலேயே கிட்டத்தட்டச் செலவில்லாத தவணைதான்.

கடையில் இதைக் கேட்கும் வரிசை ரொம்ப முக்கியம். உள்ளே நுழைந்ததும் "இ.எம்.ஐ. இருக்கா?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அங்கே நிற்கும் பையன் நம்மைத் தவணை வாடிக்கையாளர் என்று மனதில் குறித்துக்கொள்வான். கடைக்கு வரும் லாபத்தில் வங்கிக்கான பங்கை ஒதுக்கிவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். நான் தவணை என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. ராயப்பேட்டையிலும் வேளச்சேரியிலும் இருக்கும் பெரிய மால்களில் விலை விசாரித்து, போட்டுப் பார்த்து, மாடலை முடிவு செய்த பிறகுதான் பேச உட்கார்ந்தேன்.

கையுறை போட்டுக்கொண்டு, கறுப்புத் தட்டில் வாட்ச்சை வைத்து நகர்த்தினார் அந்த விற்பனையாளர். டயலில் ஆறு மணிக்கு மேலே ஐந்து குட்டி நட்சத்திரங்கள். விளக்கு வெளிச்சத்துக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. வாட்ச் கடையில் விளக்கு போடுபவர்களுக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும், வீட்டு டியூப்லைட்டில் எந்த வாட்ச்சும் அப்படித் தெரிவதில்லை.

"கடைசி விலை என்ன தம்பி?"

"எம்.ஆர்.பி.தான் சார். இந்த பிராண்டுக்கு டிஸ்கவுன்ட் கிடையாது. ஆனா உங்களுக்கு நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டுத் தர்றேன், பன்னெண்டு மாசம். மாசம் இருபதாயிரம்தான் வரும்."

"தவணை வேண்டாம். மொத்தமா கட்டிடறேன், பேங்க்ல இருந்து நேரா அனுப்பிடறேன். கார்டும் தேய்க்கல. அப்ப எவ்வளவு வரும்?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வர்றேன் சார்" என்று உள்ளே போனார். திரும்பி வந்து நான்கு சதவீதம் என்றார். நான் எட்டு சதவீதக் கணக்கைச் சொன்னேன். சண்டையாக இல்லை, சிரித்துக்கொண்டுதான். "தவணை போட்டா பேங்குக்கு நீங்க குடுக்கிறதுல பாதியைத்தானே எனக்குக் குடுக்கிறீங்க?" என்றேன். மறுபடி உள்ளே போய் வந்தார். ஏழு சதவீதத்தில் முடிந்தது. 2,23,200 ரூபாய்.

நேரடி வங்கிப் பரிமாற்றம் என்று சொன்னது உதவியது என்று நினைக்கிறேன். கிரெடிட் கார்டு தேய்த்தால் அதற்கும் கடை ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அது மிச்சமாகும்போது இறங்கிவர இடம் இருக்கிறது. சிலர் கட்டுக்கட்டாக நோட்டைக் கொண்டுபோனால் இன்னும் குறைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி கடைக்காரருக்கே வில்லங்கம், ஒழுங்கான கடையில் தொடமாட்டார்கள். இரண்டு லட்சத்துக்கு மேல் எந்த வழியில் கட்டினாலும் பான் எண் கேட்பார்கள். பில்லில் அது ஏறும். பத்து லட்சத்தைத் தாண்டும் வாட்ச் என்றால் 2025 ஏப்ரல் 22 முதல் ஒரு சதவீதம் டி.சி.எஸ். வேறு, அதாவது கடைக்காரரே நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி, பிடிக்கிறார்கள். பன்னிரண்டு லட்ச ரூபாய் வாட்ச்சுக்குப் பன்னிரண்டாயிரம். அது போன காசு இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் அன்று கையிலிருந்து போகத்தான் செய்யும். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இதையே தவணையில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாதம் 20,000 வீதம் 2,40,000. அதோடு நிற்காது. வட்டியைக் கடை கழித்துக்கொடுத்தாலும், வட்டியின் மேல் விழும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யை யாரும் கழித்துக்கொடுப்பதில்லை, அது நம் தலையில்தான். 19,567க்கு அது 3,522 ரூபாய். பிராசசிங் கட்டணம் 299, அதற்கும் வரி, சேர்த்து 353. ஆக மொத்தம் 2,43,875. எதிர்ப்பக்கத்தில், கையிலிருக்கும் பணத்தை எஃப்.டி.யில் வைத்து மாதாமாதம் தவணைக்கு எடுத்தால் கொஞ்சம் வட்டி கிடைக்கும் அல்லவா, அதையும் கணக்கில் எடுத்தேன். பணம் மாதாமாதம் கரைந்துகொண்டே வருவதால் சராசரியாக 1,30,000தான் உள்ளே இருக்கும். ஆறரை சதவீதம் என்றால் 8,450. முப்பது சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் கட்டுபவருக்கு அதில் கையில் நிற்பது 5,800 சொச்சம். அதைக் கழித்தாலும் தவணை வழியில் வாட்ச்சின் விலை 2,38,000. மொத்தமாகக் கட்டியதில் மிச்சம் பதினைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. "பணத்தை முதலீட்டில் போட்டுட்டு வட்டியில்லாக் கடன்ல வாங்குறதுதான் புத்திசாலித்தனம்" என்று சொல்பவர்கள் இந்தத் தள்ளுபடியை மறந்துவிட்டுத்தான் அந்தக் கணக்கைச் சொல்கிறார்கள்.

இப்போது மனைவியின் வாட்ச்சுக்கு வருகிறேன். இங்கே கதை தலைகீழ். அவர் கேட்ட மாடல் 90,000 ரூபாய். அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டேன். அந்த பிராண்டில் அப்போது தள்ளுபடியே தரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். மொத்தமாகக் கட்டினாலும் சரி, வங்கியிலிருந்து அனுப்பினாலும் சரி, ஒரு ரூபாய் குறையாது. வேறு இரண்டு கடைகளிலும் இதே பதில். ஆனால் ஆறு மாத நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டு, அதைக் கம்பெனியே தருகிறது.

"என்னங்க, அப்ப இதைத் தவணையில எடுக்கிறதுதானே கணக்கு?" என்றார் மனைவி. என் வியாதி அவருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வங்கி வட்டி 15 சதவீதம். மாதம் 15,000. வங்கி கொடுக்கும் கடன் 86,190, வட்டி 3,810. அதற்கு ஜி.எஸ்.டி. 686, பிராசசிங் கட்டணம் 199 வரியோடு 235. ஆக நமக்கு உண்மையான செலவு 921 ரூபாய். முன்பு போட்ட கணக்கைப் போலவே, அந்தத் தொண்ணூறாயிரம் எஃப்.டி.யில் இருந்து மாதாமாதம் தவணைக்குக் கரைந்தால் ஆறு மாதத்தில் வரி போகக் கிடைப்பது 1,170 சொச்சம். லாபம் 250 ரூபாய். நாங்கள் இரண்டு பேரும் சரவண பவனில் டிபன் சாப்பிடக்கூடப் பத்தாது.

அதனால் லாபத்துக்காக அதை எடுக்கவில்லை. அது மே மாதம். ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வேன், புத்தகம் என்று ஒரே அடியாக வரும். எஃப்.டி.யை முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் பிடிப்பார்கள். ஆறு மாதத்துக்குப் பரப்பிக்கொண்டால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. பணம் இருக்கிறது, எடுக்கும் நேரம்தான் சரியில்லை என்ற நிலைமைக்கு இந்தத் தவணை நன்றாகவே பயன்படுகிறது. பணமே இல்லை, வாட்ச் மட்டும் வேண்டும் என்ற நிலைமைக்கு இது மருந்தில்லை. அந்த நிலைமையில் இருப்பவர்கள் ஆர்.டி. போடலாம், நம்பிக்கையான இடத்தில் பதிவு பெற்ற சீட்டு கட்டலாம். ஒரு வருடம் கழித்து மொத்தப் பணத்தோடு போய் அந்த ஏழு சதவீதத்தைக் கேட்டு வாங்கலாம்.

முதல் மாத கார்டு ஸ்டேட்மென்ட் வந்ததும் மனைவி பதறிப்போனார். வட்டி இல்லை என்று சொன்னார்களே, இதில் வட்டி என்று தனி வரியே இருக்கிறதே! அசல் 13,923. வட்டி 1,077. ஜி.எஸ்.டி. 194. கீழே பிராசசிங் கட்டணம். இது ஏமாற்று இல்லை, இப்படித்தான் காட்ட வேண்டும். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கார்டு விதிகளில், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நோ காஸ்ட் ஆக்குவதற்காகக் கடையோ வங்கியோ கொடுத்த தள்ளுபடி எவ்வளவு என்பதைத் தவணையாக மாற்றும் முன்பே சொல்ல வேண்டும், ஸ்டேட்மென்டிலும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. வட்டியோடு வரும் தவணையை நோ காஸ்ட் என்று வேஷம் போட்டு விற்கவும் கூடாது. அந்த விதியை நம் பக்கம் பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பயன்படுத்த வேண்டிய இடம் ஸ்வைப் மிஷின். பின் நம்பர் அடிக்கும் முன் மிஷினை நம் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எத்தனை மாதம், வட்டி விகிதம் என்ன, மாதத் தவணை எவ்வளவு, கழிக்கப்படும் தொகை எவ்வளவு என்று திரையில் வரும். கழிக்கும் தொகை என்ற இடம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் அது நோ காஸ்ட் இல்லை, சாதாரண இ.எம்.ஐ. மூன்று, ஆறு மாதத்துக்கு நோ காஸ்ட் இருக்கும்போதே ஒன்பது, பதினெட்டு மாதத்துக்கு இல்லாமல் இருக்கலாம். எல்லாம் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரியில் வரும். அவசரத்தில் விரல் ஒரு வரி கீழே பட்டால் முடிந்தது. இன்னொரு வகையும் உண்டு: கழிவை உடனே தராமல், மூன்று மாதம் கழித்து கேஷ்பேக்காகக் கணக்கில் வரவு வைப்பார்கள். எந்தத் தேதிக்குள் வரும் என்பது மிஷினிலிருந்து வரும் சீட்டில் அச்சாகியிருக்கும். அந்தச் சீட்டின் மை சில மாதத்தில் மங்கிவிடும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தவணையில் எடுத்தால் பெரும்பாலான கார்டுகளில் ரிவார்டு பாயின்ட் கிடையாது. நடுவில் மொத்தமாகக் கட்டி முடிக்க நினைத்தால் மீதி அசலில் மூன்று சதவீதம் போல ஒரு கட்டணம், அதற்கும் வரி. இதெல்லாம் சின்ன விஷயம்.

சின்ன விஷயமாக இல்லாமல் போனது மச்சானுக்கு. மனைவியின் தம்பி. எழுபதாயிரத்துக்குள் ஒரு டிஸ்ஸோ வாட்ச் வாங்குவதாகத்தான் கிளம்பினான். கடையில், "சார், இதுக்கு மாசம் ஆறாயிரம் வருது. இன்னும் கொஞ்சம் போட்டா..." என்று ஆரம்பித்திருக்கிறார்கள். எழுபதாயிரமும் மூன்று லட்சமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். ஆறாயிரமும் இருபத்தைந்தாயிரமும் நின்றால், அதிலும் இருபத்தெட்டு வயதில், மேலே இருப்பதும் எட்டிவிடும் போலத்தான் இருக்கும். மூன்று லட்ச ரூபாய் வாட்ச், பன்னிரண்டு மாதம், நோ காஸ்ட். அவனுடைய கார்டு லிமிட் மூன்றரை லட்சம்.

யாரும் அவனிடம் சொல்லாதது: தவணை மாதம் இருபத்தைந்தாயிரமாக இருந்தாலும், கார்டு லிமிட்டில் மொத்தக் கடனும் முதல் நாளே முடங்கிவிடும். கட்டக் கட்டத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். அடுத்த மாதமே என் மாமியாரை ராத்திரியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. அட்மிஷனுக்கு ஒரு லட்சம் முன்பணம் கேட்டார்கள். மச்சான் கார்டை நீட்டினான், போகவில்லை. இன்னொரு தடவை தேய்த்தார்கள், அப்போதும் போகவில்லை. "மாமா, கார்டு எடுக்க மாட்டேங்குது, கொஞ்சம் வர்றீங்களா?" என்று போன். நான் போய் என் கார்டைத் தேய்த்தேன். மாமியார் நான்கு நாளில் நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவசரத்துக்கு என்று வைத்திருக்கும் கார்டில் வாட்ச் வாங்கவே கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் அன்றோடு சட்டமாகிவிட்டது.

லிமிட் அப்படி நிரம்பி நிற்பது சிபில் ஸ்கோருக்கும் நல்லதில்லை. லிமிட்டில் முப்பது சதவீதத்துக்கு மேல் பயன்பாட்டில் இருந்தாலே ஸ்கோர் இறங்க வாய்ப்பு உண்டு, இவனுடையது எண்பதுக்கு மேல். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பவர்கள் அந்த வருடம் தவணை வாட்ச் பக்கமே போக வேண்டாம். அப்புறம் இன்னொன்று. ஏதோ ஒரு மாதம் கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் மினிமம் மட்டும் கட்டினால், அந்த மாதம் அதே கார்டில் வாங்கிய பெட்ரோல், மளிகை எல்லாவற்றுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். அது 15 சதவீதம் இல்லை, பல கார்டுகளில் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும் வட்டி. வாட்ச் என்னவோ வட்டியில்லாமல்தான் வந்தது, அதன் பின்னாலேயே வட்டி வந்து ஒட்டிக்கொள்ளும்.

"வேண்டாம்னா ஒரு வருஷம் கட்டிட்டு வித்துடறேன்" என்றும் மச்சான் சொன்னான். ரோலெக்ஸின் சில ஸ்டீல் மாடல்களைப் போல ஒரு சிலதான் கடை விலைக்கு மேலே மறுவிற்பனை ஆகின்றன. அவற்றுக்குக் கடையில் காத்திருப்போர் பட்டியல்தான் இருக்குமே தவிர, தள்ளுபடிப் பேச்சு இருக்காது. அந்த விலைகளும் 2022 தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் நன்றாக இறங்கின. மற்ற பெரும்பாலான வாட்ச்களில் கடையை விட்டு வெளியே வந்ததுமே விலையில் கணிசமான பகுதி போய்விடும். ஆக ஆறாம் மாதத்தில் விற்றாலும் வரும் பணம் மீதித் தவணைக்கே சரியாகப் போகும். இதை முதலீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், நானே சொன்னாலும் சேர்த்துத்தான்.

வெளிநாட்டில் வாங்கி வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். துபாயில் ஐந்து சதவீத வாட், சிங்கப்பூரில் ஒன்பது சதவீத ஜி.எஸ்.டி., சுற்றுலாப் பயணி என்றால் அதிலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விலை குறைவாகத்தான் தெரியும். ஆனால் இங்கே விமான நிலையத்தில் வரம்புக்கு மேல் சுங்க வரி கட்ட வேண்டும், வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் அன்னியச் செலாவணி மார்க்கப் என்று வங்கி பிடிக்கும் கட்டணம் தனி, இங்கே கிடைக்கும் நோ காஸ்ட் தவணை அங்கே கிடைக்காது. வரியைக் கட்டாமல் கையில் கட்டிக்கொண்டு நைசாக வந்துவிடலாம் என்பவர்களிடம் நான் பேசுவதில்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இருபது சதவீதமாக இருந்த சுவிஸ் வாட்ச் இறக்குமதி வரி அதன்படி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். அதற்காகக் காத்திருப்பதில் பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, கம்பெனிகள் விலையை ஏற்றுவதும் வருடா வருடம்தானே நடக்கிறது.

காசு கட்டும் முன் கவுன்டரிலேயே பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள். தவணையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது பெரிய தலைவலி. கடை பணத்தைத் திருப்பினாலும் வங்கி தவணையை ரத்து செய்யும் வரை மாதாமாதம் பில் வந்துகொண்டே இருக்கும், அதுவரை கட்டிய வட்டிக்கும் அதன் ஜி.எஸ்.டி.க்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வாட்ச்சின் பின்மூடியிலோ பக்கத்திலோ பொறித்திருக்கும் எண்ணும் வாரன்ட்டி கார்டில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா, தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஐந்து வருட வாரன்ட்டி, அது அந்தக் கார்டில் போட்ட தேதியிலிருந்துதான் ஓடும். பக்கவாட்டுத் திருகியை இழுத்துப் பிடித்து, முள்ளை இரண்டு தடவை பன்னிரண்டைத் தாண்டி நகர்த்தி, அதில் ஒரு தடவை தேதி மாறுகிறதா என்று பாருங்கள். செயினைக் கைக்கு ஏற்பச் சின்னதாக்கும்போது கழற்றும் கண்ணிகளைக் கேட்டு வாங்கிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். என்னுடையதில் மூன்று கழற்றினார்கள், கவரில் போட்டு நீட்டவில்லை, கேட்ட பிறகுதான் வந்தது.

லெதர் ஸ்ட்ராப்பா, ஸ்டீல் செயினா என்று குழம்புபவர்களுக்கு: சென்னையில் ஸ்டீல்தான். நம் ஊர் வியர்வைக்கு நல்ல தோல்கூட சீக்கிரமே நாறிவிடும். அதைவிட முக்கியம், லெதரோடு வாங்கிவிட்டு அப்புறம் கம்பெனிச் செயினைத் தனியாக வாங்கப் போனால், சேர்த்து வாங்கும்போது இருந்த விலை வித்தியாசத்தைவிட நன்றாகக் கூடுதலாகக் கேட்பார்கள். செயினோடு வாங்கிவிட்டு, ஆசைக்கு வெளியில் ஒரு ஸ்ட்ராப் வாங்கிப் போட்டுக்கொள்வது மலிவு.

சர்வீஸ் செலவு பற்றிக் கடையில் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். என்னுடையதைப் போல பேட்டரியில்லாமல் கை அசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சை ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தண்ணீர் புகாமல் இருக்கும் ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். என் வாட்ச்சுக்கு இப்போதைய மதிப்பில் இருபத்தைந்தாயிரம் முப்பதாயிரம் ஆகலாம் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னார்கள். அதற்கு நோ காஸ்ட் இ.எம்.ஐ. உண்டா என்று கேட்டேன். கிடையாதாம். வாட்ச் வாங்கிய மாதமே, மாதம் ஐநூறு ரூபாய்க்கு ஐந்து வருட ஆர்.டி. ஒன்று ஆரம்பித்துவிட்டேன். மனைவியின் வாட்ச்சுக்கும் இப்போது அதே போல ஒன்று, முந்நூறு ரூபாய்க்கு.